எடைச்சீட்டை மாற்றியது யார்? ஒரு வலைச்சேவைக்குக் கடவுச்சொல் சேர்த்த நிகழ்வு ஆய்வு

காகிதச் சீட்டில் 3,420 கிலோ என்று இருந்தது. கைப்பேசிச் செயலியில் 1,980 கிலோ என்று இருந்தது. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துவிட்டு, அந்த அம்மா எதுவும் பேசாமல் நின்றார். கோல சிலாங்கூர் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் சிற்றூரில், சிறுதோட்டக்காரர்களிடம் பழக்குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் ஒரு சேகரிப்பு நிலையத்தின் அலுவலகம் அது. அந்தச் செயலிக்குப் பின்னால் இயங்கிய வலைச்சேவையை, அதாவது எடை விவரங்களை வாங்கி வைத்து, கேட்கும் கணினிகளுக்குக் கொடுக்கும் நிரலை எழுதியவன் நான்.

அன்றைக்குப் பணமாக அவர் எதையும் இழந்துவிடவில்லை. சீட்டில் உள்ள எடைக்கே பணம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் மாதக் கணக்கறிக்கை வலைச்சேவையில் இருக்கும் எண்ணிலிருந்துதான் தயாராகும். அது அப்படியே போயிருந்தால், 1,440 கிலோவுக்கு அதிகமாகப் பணம் பெற்றுக்கொண்டவர் என்று அவர் பெயருக்கு நேரே கடன் எழுதப்பட்டிருக்கும்.

யார் மாற்றினார்கள் என்று பார்க்க சேவையகத்தின் பதிவேட்டைத் திறந்தேன். நாள் இருந்தது, மணி இருந்தது, கோரிக்கை வந்த இணைய முகவரி இருந்தது. அந்த முகவரி ஒரு கைப்பேசி இணைப்பு நிறுவனத்தின் பொது முகவரி. அப்படிப்பட்ட ஒரே முகவரிக்குப் பின்னால் ஏராளமான சந்தாதாரர்கள் இருப்பார்கள். பெயர் மட்டும் இல்லை. என் வலைச்சேவை யாரிடமும் பெயரைக் கேட்டதே இல்லை. முகவரி தெரிந்த எவரும் எடைச்சீட்டைப் படிக்கலாம், புதிதாக எழுதலாம், இருப்பதை மாற்றலாம். "யாருக்குத் தெரியப்போகிறது" என்ற நினைப்பில் நான் அப்படி விட்டிருந்தேன்.

சந்தேகம் எடை மேடைக் கிராணியார்மேல் விழுந்தது. சீட்டு அச்சிடுபவர் அவர், கணினி முன் உட்கார்ந்திருப்பவர் அவர், வேறு யார் மாற்றியிருக்க முடியும் என்றார்கள். பல ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தவர். அவர் என்னிடம் வந்து கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "தம்பி, நான் மாற்றவில்லை என்று உன் கணினி சொல்லுமா?" சொல்லாது என்பதுதான் உண்மை. அதை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

கடவுச்சொல் என்றால் திருடனைத் தடுக்கும் பூட்டு என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். திருட்டே நடக்காத இடத்தில், செய்யாதவர் 'நான் செய்யவில்லை' என்று காட்டவும் அது வேண்டியிருக்கிறது என்பது அந்தக் கேள்விக்கு முன்னால் எனக்குத் தோன்றவே இல்லை. இந்த ஆய்வை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

எங்கள் பக்கத்தில் எடை சாதாரண விஷயம் அன்று. மலாயாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், இதே மாவட்டத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். அதன் பிறகும் நெடுங்காலம் ரப்பர்தான் எங்கள் பெற்றோரின் பிழைப்பு. என் அம்மா பால்மரம் வெட்டியவர். பாலை நிறுக்கும் கொட்டகையில் கிராணி என்ன எழுதினாரோ அதுதான் எடை. எட்டிப் பார்க்கலாம், எதிர்த்துக் கேட்க முடியாது. இன்று எடை மேடைக்கு 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டப்படி சோதனையும் முத்திரையும் உண்டு. தராசு மக்களுக்குப் பதில் சொல்லக் கட்டுப்பட்டது. தராசிலிருந்து கிளம்பி என் வலைச்சேவைக்கு வந்து சேர்ந்த எண்ணுக்குத்தான் எந்த முத்திரையும் இல்லாமல் இருந்தது.

யார் யார் பேசுகிறார்கள்

வேலையைத் தொடங்குமுன், வலைச்சேவையோடு யாரெல்லாம் பேசுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதினேன். எடை மேடைக் கணினி ஒன்று. லோரி உள்ளே வந்ததும் மொத்த எடையும், குலையை இறக்கிய பிறகு வெறும் லோரியின் எடையும் எடுத்து, பழுக்காத குலைக்கும் நீளக் காம்புக்கும் கழிவு போட்டு, நிகர எடையைச் சேவையகத்துக்கு அனுப்புவது அது. இரண்டாவது, சிறுதோட்டக்காரர்களும் லோரி ஓட்டுநர்களும் பார்க்கும் கைப்பேசிச் செயலி. மூன்றாவது, அலுவலகத்தில் இருக்கும் பழைய கணக்கு மென்பொருள். செய்தியை எக்ஸ்எம்எல் குறிகளால் ஆன உறைக்குள் வைத்து அனுப்பும் சோப் என்ற முறையைத் தவிர அதற்கு வேறு மொழி தெரியாது. மாற்றிக் கொடுக்க அதை எழுதியவர்களும் இப்போது அந்தத் தொழிலில் இல்லை.

மூவர் என்று எழுதிக் கோடு போட்டேன். அது தவறு என்று மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது.

திட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது, அதை மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். வெட்டிய பழக்குலையில் நேரம் ஆக ஆகக் கொழுப்பு அமிலம் கூடும், எண்ணெயின் தரம் கெடும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது தொழிலின் பொது விதி. எனவே கடவுச்சொல் சரியில்லை என்று எந்தக் கணினி அடம் பிடித்தாலும் எடை போடுவது நிற்கக் கூடாது, லோரி வரிசையில் காத்து நிற்கக் கூடாது. ஆகவே எடை மேடைக் கணினி முதலில் தன் வட்டிலேயே சீட்டை எழுதி வைத்து, பிறகு சேவையகத்துக்கு அனுப்பும்படி மாற்றினேன். சேவையகம் மறுத்தால் சீட்டு வரிசையில் காத்திருக்கும், தொலைந்துபோகாது. கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன் இதைச் செய்தது பின்னால் இரண்டு முறை எங்களைக் காப்பாற்றியது.

முதலில் வழி, பிறகு சொல்

வலையில் கோரிக்கையும் பதிலும் போய்வரும் எச்டிடிபி நெறிமுறையில் கடவுச்சொல் அனுப்ப மிக எளிய வழி 'பேசிக்' என்ற முறை. பயனர்பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல் மூன்றையும் ஒட்டி, பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாற்றி, கோரிக்கையின் தலைப்பகுதியில் வைத்து அனுப்புவார்கள். பார்ப்பதற்குப் புரியாத எழுத்துக் கூட்டமாக இருப்பதால் இதை மறையாக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மறையாக்கம் இல்லை. எவரும் ஒரு நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். எனவே வழியில் போவதை எல்லாம் மறையாக்கும் டிஎல்எஸ் இல்லாமல் பேசிக் முறையைப் பயன்படுத்தவே கூடாது. எங்கள் சேவையகத்தில் டிஎல்எஸ் 1.2-க்குக் கீழே உள்ள பழைய பதிப்புகளை அணைத்தேன். 1.0, 1.1 இரண்டும் 2021-இலேயே முறைப்படி கைவிடப்பட்டவை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது, நானும் விட்டேன். மறையாக்கம் இல்லாத பழைய முகவரிக்கு வரும் கோரிக்கையைப் பாதுகாப்பான முகவரிக்குத் திருப்பிவிடுவது வலைத்தளங்களில் வழக்கம். மனிதர் உலாவியில் பார்க்கும் பக்கத்துக்கு அது நல்லது. வலைச்சேவைக்கு அது தீங்கு. செயலியில் பழைய முகவரி எழுதியிருந்தால், அது கடவுச்சொல்லோடு கோரிக்கையைத் திறந்த வழியில் அனுப்பிவிடும். அதன் பிறகுதான் சேவையகம் "அந்தப் பக்கம் போ" என்று சொல்லும். சொல் ஏற்கெனவே தெருவில் போய்விட்டது. செயலியோ திருப்பிவிடப்பட்டு ஒழுங்காக வேலை செய்யும், பிழை யார் கண்ணுக்கும் படாது. சோதனையின்போது எடை மேடைக் கணினி இப்படித்தான் இரண்டு நாள் அனுப்பிக்கொண்டிருந்தது. திருப்பிவிடுவதை நிறுத்தி, திறந்த வழியில் வரும் வலைச்சேவைக் கோரிக்கைகளை அடியோடு மறுத்தேன். அந்தக் கடவுச்சொல்லையும் தூக்கி எறிந்து புதியது வைத்தேன்.

இன்னொன்றும் இதே இடத்தில் கற்றேன். சேவையகம் 401, அதாவது 'உன் அடையாளம் தெரியவில்லை' என்று மறுக்கும்போது, எந்த முறையில் அடையாளம் காட்ட வேண்டும் என்ற அழைப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது நெறிமுறையின் கட்டாயம். நான் வெறும் 401 மட்டும் அனுப்பினேன். எடை மேடை மென்பொருள் பயன்படுத்தும் நூலகம், கேட்டால்தான் கடவுச்சொல்லைக் கொடுக்கும் குணமுடையது. கேட்கப்படவில்லை, எனவே அது கொடுக்கவில்லை. கடவுச்சொல் சரியாக எழுதப்பட்டிருந்தும் ஒவ்வொரு கோரிக்கையும் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு திரும்பியது. அழைப்பைச் சேர்த்ததும் வேலை செய்தது, ஆனால் ஒவ்வொரு சீட்டும் இருமுறை பயணம் செய்தது: மறுக்கப்பட ஒரு முறை, ஏற்கப்பட ஒரு முறை. குலைகளின் படத்தோடு வரும் சீட்டு எங்கள் ஊர் இணைய வேகத்தில் இருமுறை போவது வீண் செலவு. முதல் கோரிக்கையிலேயே தலைப்பகுதியைச் சேர்த்து அனுப்பும்படி மாற்றினோம்.

பழைய கணக்கு மென்பொருள்

சோப் பேசும் மென்பொருளுக்கு ஓயேசிஸ் அமைப்பு 2004-இல் வெளியிட்ட டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி என்ற தரநிலை உண்டு. எக்ஸ்எம்எல் உறையின் தலைப்பகுதிக்குள் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வைக்கும் முறை அதில் இருக்கிறது. கடவுச்சொல்லை அப்படியே வைக்கலாம், அல்லது அதன் சுருக்கத்தை வைக்கலாம். சுருக்கம் என்பது ஒருமுறை மட்டும் பயன்படும் ஓர் எண், கோரிக்கை உருவான நேரம், கடவுச்சொல் மூன்றையும் இந்த வரிசையில் ஒட்டி எஸ்எச்ஏ-1 என்ற கணித முறை வழியாகப் பிழிந்து எடுப்பது.

சுருக்கம்தானே பாதுகாப்பு என்று அதையே தேர்ந்தெடுத்தேன். இரண்டு முனையிலும் கணக்கிட்ட சுருக்கம் பொருந்தவில்லை, அரை நாள் போயிற்று. ஒருமுறை எண் உறைக்குள் பேஸ்64 வடிவில் எழுதப்பட்டிருக்கும். பிழிவதற்கு முன் அதை மூல பைட்டுகளாகத் திருப்ப வேண்டும். நான் எழுத்தாகவே ஒட்டிவிட்டேன். அதைத் திருத்தி, பொருந்தியதைப் பார்த்து மகிழ்ந்து, வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. இந்தச் சுருக்கத்தைச் சரிபார்க்க, சேவையகமும் அசல் கடவுச்சொல்லைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதாவது தரவுத்தளத்தில் திருப்பிப் படிக்கக்கூடிய வடிவில் வைக்க வேண்டும். ஒரு நாள் அந்தத் தரவுத்தளம் கசிந்தால் எல்லாம் போயிற்று.

டிஎல்எஸ் ஏற்கெனவே வழியை மூடியிருக்கும்போது, உள்ளே போகும் சொல்லை மறுபடி மறைப்பதற்காகக் கிடங்கைத் திறந்து வைப்பது சரியான பேரம் இல்லை என்பது என் தீர்ப்பு. எனவே கடவுச்சொல்லை அப்படியே, டிஎல்எஸ் உள்ளே அனுப்பி, சேவையகத்தில் பி-கிரிப்ட் என்ற பிழிவு முறை கொண்டு திருப்ப முடியாத வடிவில் மட்டும் சேமித்தேன். டிஎல்எஸ் வழியில் ஒரு கண்ணி உடைந்தால் இந்த முடிவு என்னைக் கேள்வி கேட்கும் என்பதும் தெரியும். அதற்காகத்தான் திறந்த வழியை முன்பே அடைத்தேன்.

இந்த முடிவு உடனே வேறொரு வழியில் கடித்தது. சிக்கல் வந்தால் பார்க்கலாம் என்று, வரும் உறைகளை முழுதாகப் பதிவேட்டில் எழுதும் பழக்கம் என் நிரலில் இருந்தது. கடவுச்சொல்லும் உறைக்குள் இருக்கிறது. ஆக, தரவுத்தளத்தில் அத்தனை கவனமாக மறைத்ததைப் பதிவேட்டில் நானே வரிக்கு வரி எழுதிக்கொண்டிருந்தேன். மறைக்கும் நிரலை எழுதி, பழைய பதிவேடுகளையும் அவற்றின் காப்புப் படிகளையும் அழித்து, மறுபடி கடவுச்சொல் மாற்றினேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, தரவை இழப்பிலிருந்தும் தவறான பயன்பாட்டிலிருந்தும் காப்பது வைத்திருப்பவரின் கடமை என்கிறது. அது 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது செய்யக் கூடாத காரியம்.

தடுக்காமல் பார்த்த மூன்று வாரம்

எடுத்த எடுப்பில் கதவை அடைக்கவில்லை. கடவுச்சொல் இருந்தால் சரிபார்த்துப் பெயரை எழுது, இல்லாவிட்டால் 'பெயரில்லை' என்று எழுதி உள்ளே விடு: மூன்று வாரம் இப்படியே ஓடவிட்டேன். இந்த முழு வேலையிலும் நான் எடுத்த முடிவுகளில் மிகப் பயன் தந்தது இதுதான் என்று இன்றும் சொல்வேன்.

முதல் வாரம் பெயரில்லாத கோரிக்கைகள் நிறைய. செயலியைப் புதுப்பிக்காத கைப்பேசிகள் அவை. இரண்டாம் வாரம் குறைந்தன. மூன்றாம் வாரம் செயலி, எடை மேடை, கணக்கு மென்பொருள் மூன்றும் பெயரோடு வந்தன. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் பெயரில்லாத கோரிக்கைகள் ஒரு கொத்தாக வந்து போயின. அவை படிக்க மட்டும் வரவில்லை, எழுதவும் வந்தன.

விசாரித்தபோது, லோரி வாடகை எடுத்து ஓட்டும் ஒருவரின் அலுவலகத்தில் போய் நின்றது. டன்னுக்கு இவ்வளவு என்று வாடகை கணக்கிட அவருக்குச் சீட்டு விவரம் வேண்டும். அவர் உறவுக்காரப் பையன் ஒருவன், கெட்டிக்காரன், விரிதாளில் ஒரு சிறு நிரல் எழுதி எங்கள் வலைச்சேவையிலிருந்து சீட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். லோரி எண் தவறாக இருந்தால் திருத்தி மேலே அனுப்பவும் வழி செய்திருந்தான். என் வலைச்சேவையின் திருத்தும் கோரிக்கையோ லோரி எண்ணை மட்டும் மாற்றாது, முழுச் சீட்டையும், எடை உட்பட, மாற்றி எழுதும். ஒரு சனிக்கிழமை விரிதாளில் ஒரு நெடுவரிசையில் மட்டும் ஒரு கட்டம் கூடுதலாகச் செருகப்பட, அதன் கீழே இருந்த நான்கு சீட்டுகளின் எடைகள் ஒரு வரி நகர்ந்துவிட்டன. ஒருவரின் எடை அடுத்தவருக்குப் போயிற்று. குறைந்த எடையைச் செயலியில் பார்த்துவிட்டு வந்தவர் அந்த அம்மா ஒருவர்தான்.

பையன் பயந்துபோனான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கதவைத் திறந்து வைத்தது நான். மேலாளரும் நானும் கிராணியாரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் தலையை அசைத்தார், பிறகு எழுந்து அடுத்த லோரிக்குச் சீட்டுப் போடப் போனார்.

அந்த லோரிக்காரருக்குத் தனிப் பயனர்பெயர் கொடுத்தோம், படிக்க மட்டும் உரிமை. திருத்தும் கோரிக்கையையும் உடைத்து, லோரி எண்ணை மாற்றுவதற்கும் எடையை மாற்றுவதற்கும் தனித்தனி வழி வைத்தேன். எடையை மாற்றினால் பழைய எண் அழியாது, யார் எப்போது மாற்றினார் என்பதோடு கீழே நிற்கும்.

கடிகாரம்

நான்காம் வாரத்தில் கதவை அடைத்தோம். மறுநாளே கணக்கு மென்பொருளின் கோரிக்கைகள் எல்லாம் மறுக்கப்பட்டன. பழைய கோரிக்கையை யாரும் பிடித்து வைத்து மறுபடி அனுப்பாமல் இருக்க, உருவான நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் ஏற்காதே என்று வைத்திருந்தேன். தரநிலையும் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் வழிகாட்டியாகச் சொல்கிறது. கணக்கு மென்பொருளோ மலேசிய நேரத்தை எழுதி, அதன் முடிவில் உலகப் பொது நேரம் என்ற குறியைப் போட்டது. எட்டு மணி நேரம் எதிர்காலத்திலிருந்து வரும் கோரிக்கையாகச் சேவையகம் அதைப் பார்த்தது. பார்வை வாரங்களில் கடவுச்சொல்லை மட்டும் சரிபார்த்தேன், நேரத்தைச் சரிபார்க்கவில்லை. அதனால் இது அப்போது தெரியவில்லை. அந்த மென்பொருளைத் திருத்த முடியாது என்பதால், அந்த ஒரு பயனர்பெயருக்கு மட்டும் எட்டு மணி கழித்துப் பார்க்கும்படி சேவையகத்தில் எழுதினேன். அழகான தீர்வு இல்லை. ஏன் அப்படி இருக்கிறது என்று பக்கத்திலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த சிக்கல் மழையோடு வந்தது. பிற்பகல் இடியில் மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது எடை மேடைக் கணினியின் தாய்ப்பலகை பேட்டரி செத்திருந்ததால் அதன் நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னால் போய் நின்றது. அந்தக் கணினியின் பார்வையில் எங்கள் சேவையகத்தின் டிஎல்எஸ் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. எனவே அது பேச மறுத்தது. அன்று மாலை வந்த லோரிகளின் சீட்டுகள் எல்லாம் வட்டில் வரிசையாகக் காத்திருந்தன. எடை நிற்கவில்லை. சில வெள்ளி விலையுள்ள ஒரு பேட்டரியும், கணினி எழுந்ததும் நேரத்தை இணையத்திலிருந்து சரிசெய்யும் ஏற்பாடும் அதைத் தீர்த்தன.

தோ

இந்த வேலையில் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது ஓர் எழுத்து.

முதல் நாள் சீட்டோடு வந்த அந்த அம்மாவே அலுவலகத்தில் தம் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டார். தமிழில் வைக்கலாமா என்று கேட்டார். ஏன் கூடாது என்றேன். அலுவலகக் கணினியில் தட்டினார், திறந்தது. வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் தட்டினார், மறுத்தது. மறுநாள் வந்தார், அலுவலகத்தில் திறந்தது. மறுபடி வீட்டில் மறுத்தது. "நான்தான் தவறாக அடிக்கிறேன் போலிருக்கிறது, தம்பி" என்றார். அவர் ஓர் எழுத்துகூடத் தவறாக அடிக்கவில்லை.

கடவுச்சொல்லை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் எழுத்து 'தோ' என்று மட்டும் சொன்னார். சோதனைக்கென ஒரு பயனர்பெயர் உருவாக்கி, 'தோட்டம்' என்ற சொல்லை இரண்டு கருவியிலும் அடித்து, வந்து சேர்ந்த பைட்டுகளை எண்ணினேன். கைப்பேசியிலிருந்து 21. அலுவலகக் கணினியிலிருந்து 24. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 'ஓ' என்ற உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் எனத் தனித்தனி இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. அலுவலகத்தில் இருந்தது தட்டச்சுப் பொறி முறையில் பழைய விசைப்பலகை நிரல். அது கொம்பையும் காலையும் தனித்தனியே அனுப்பியது. கண்ணுக்கு ஒரே சொல், பி-கிரிப்டுக்கு இரண்டு வேறு சொற்கள். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

தீர்வு சிறியது. சேமிக்குமுன்னும் சரிபார்க்குமுன்னும் கடவுச்சொல்லை, கொம்பும் காலும் ஒரே குறியீடாகச் சேரும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அனைத்துலக எழுத்துகளில் கடவுச்சொல்லைக் கையாளும் இணைய விதிகளும் இதையே சொல்கின்றன. பேசிக் முறைக்கு 2015-இல் வந்த புதிய வரையறையில், கடவுச்சொல்லை, யூனிகோடு எழுத்தைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் அனுப்பு என்று சேவையகம் கேட்கவும் இடம் உண்டு. அதையும் சேர்த்தேன்.

அந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டியது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். பி-கிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. பல நூலகங்கள் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 72 எழுத்து தாராளம். தமிழில் அது 24 குறியீடு. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், நாம் எழுத்து என்று எண்ணுவதில் பதினைந்தைத் தாண்டுவதே கடினம். நல்ல கடவுச்சொல்லாக நீண்ட வாக்கியம் வையுங்கள் என்று நாம் சொல்ல, அவர் வைக்கும் வாக்கியத்தின் பின்பாதி யாராலும் பார்க்கப்படாமல் போகும். இந்த வரம்பு இல்லாத ஆர்கான்2 முறைக்கு மாறினேன். 2015-இல் கடவுச்சொல் பிழிவு முறைகளுக்கான போட்டியில் வென்றது அது.

தமிழில் கடவுச்சொல் வைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். தம் மொழியில் ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புபவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் வராது.

உள்ளே வந்த பிறகு

கடவுச்சொல் வேலை செய்தது. செயலியில் என் சோதனைப் பெயரில் நுழைந்து, சீட்டு எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றிப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டக்காரரின் சீட்டு வந்தது. நீ யார் என்று மட்டும் கேட்டிருந்தேன், இது உன்னுடையதா என்று கேட்கவில்லை. வலைச்சேவைகளின் பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பு, 2019-இலும் 2023-இலும் இந்தக் குறைக்குத்தான் முதலிடம் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு சீட்டையும் அதன் உரிமையாளரோடு கட்டி, பிறர் கேட்டால் அப்படிச் சீட்டே இல்லை என்று 404 பதில் கொடுக்கும்படி எழுதினேன். இருக்கிறது, ஆனால் காட்டமாட்டேன் என்று சொன்னால், அந்த எண்ணில் ஒரு சீட்டு உண்டு என்பதையாவது சொல்லிவிடுகிறோம்.

ஆர்கான்2, பி-கிரிப்ட் போன்றவை வேண்டுமென்றே மெதுவாக இயங்குபவை. மனிதர் ஒரு நாளில் இருமுறை நுழைவதற்கு அது பொருட்டில்லை. எடை மேடைக் கணினி சில நொடிக்கு ஒருமுறை கோரிக்கை அனுப்புகிறது, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிழிவைச் செய்ய எங்கள் சிறிய வாடகைச் சேவையகம் திணறியது. இயந்திரங்களுக்கு மனிதர் நினைவில் வைக்கும் சொல் தேவையில்லை. நீண்ட, தற்செயலாக உருவாக்கிய திறவுச்சரத்தைக் கொடுத்து, அதை விரைவான எஸ்எச்ஏ-256 கொண்டு சரிபார்க்கிறோம். ஊகிக்கவே முடியாத அளவு நீண்ட ஒன்றுக்கு மெதுவான பிழிவு தேவையில்லை.

ஐந்து முறை தவறினால் கணக்கைப் பூட்டும் விதியையும் இயந்திரங்களிடமிருந்து எடுத்துவிட்டேன். எடை மேடையில் திறவுச்சரம் மாற்றிய ஒரு காலையில், பழையதை வைத்திருந்த நிரல் விடாமல் தட்டித் தட்டித் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. வட்டில் இருந்த வரிசை இரண்டாவது முறையாகக் காப்பாற்றியது அன்றுதான். இப்போது இயந்திரம் தவறினால் வேகம் குறையும், எனக்குச் செய்தி வரும், கதவு பூட்டாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் கடவுச்சொல் மாற்ற வேண்டும் என்று மேலாளர் விரும்பினார். வேண்டாம் என்றேன். கட்டாயப்படுத்தி மாற்றச் சொன்னால் மக்கள் பழைய சொல்லின் முடிவில் ஓர் எண்ணைக் கூட்டுவார்கள், அல்லது நாள்காட்டித் தாளில் எழுதி ஒட்டுவார்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியும், கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்கிறது. மேலாளர் ஒத்துக்கொண்டார்.

தீராதது ஒன்று இருக்கிறது. பல வீடுகளில் கைப்பேசி ஒன்று, அதைத் தொடுபவர் நால்வர். அம்மா பெயரில் நுழைந்திருக்கும் செயலியில் மகன் விலைக் கழிவுக்கு ஒப்புதல் கொடுத்தால், பதிவேட்டில் அம்மா பெயர்தான் நிற்கும். கழிவுக்கு ஒப்புதல் கொடுக்கும் அந்த ஒரு திரையில் மட்டும் கடவுச்சொல்லை மறுபடி கேட்கும்படி வைத்திருக்கிறேன். அடுத்த பருவத்துக்குள் அது எத்தனை பேருக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டுவிட்டு முடிவு செய்வதாக அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.